வேட்பாளர் இல்லாத பிரசாரம்

காரைக்குடியில் முத்தழகுவின் முகம் தெரிந்தவர்கள் அவள் குடியிருந்த தெருவோடு சரி. ஆனால் அவள் குரல் தெரியாதவர்கள் யாரும் கிடையாது. ஜவுளிக்கடையின் ஆடித் தள்ளுபடியை ஊருக்குச் சொன்னது அந்தக் குரல்தான். பல் ஆஸ்பத்திரி திறப்பு விழா, பர்னிச்சர் மேளா, கழனிவாசல் பக்கம் காணாமல் போன வெள்ளை நாய், கண்டுபிடித்துக் கொடுப்பவருக்குத் தக்க சன்மானம் என்று எல்லாமே அவள் தொண்டை வழியாகத்தான் ஊருக்குள் போயின. காதுகுத்து, கல்யாணம் என்றால் மண்டபத்து மூலையில் உட்கார்ந்து மைக்கில் மொய் வாசிப்பதும் அவள்தான். செய்தவருக்குப் பெருமையும் செய்யாதவருக்கு உறுத்தலும் வருகிற மாதிரி வாசிக்க அவளை விட்டால் ஆளில்லை என்று பேர்.

இந்தத் தொழிலுக்கு அவள் தற்செயலாகத்தான் வந்தாள். கல்யாணமான புதிதில் அவள் கணவன் மாயக்கண்ணன் ஆட்டோவின் தலையில் குழாய் ஸ்பீக்கர் கட்டி விளம்பரத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். ஒரு நாள் சர்க்கஸ் விளம்பரத்துக்குப் பேச வேண்டிய ஆள் தொண்டை கட்டிக்கொண்டு படுத்துவிட்டார். சர்க்கஸ்காரர் வாசலில் நின்று கையைப் பிசைந்தார். அடுப்படியிலிருந்து, "நான் வேணா வாசிக்கவா?" என்று கேட்டாள் முத்தழகு. எழுதிக் கொடுத்த தாளில் யானை என்று இருந்தது. அவளும் யானை என்று வாசித்தாள். அவள் சொன்ன அழகில், யானையே இல்லாத அந்த சர்க்கஸுக்கு ஒரு வாரம் கூட்டம் நெரிந்தது.

அப்புறம் வீட்டின் பின்னறையில் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி, ஒரு கம்ப்யூட்டரும் மைக்கும் வாங்கி வைத்தார்கள். ஃபேன் போட்டால் அந்தச் சத்தமும் பதிவாகிவிடும் என்பதால் வேர்க்க விறுவிறுக்கத்தான் பேச வேண்டும். தேர்தல் வந்தால் அந்த அறைக்குக் கல்யாண வீட்டுக் களை வந்துவிடும். காலையில் ஒரு கட்சி, மத்தியானம் அதன் எதிர்க்கட்சி, சாயங்காலம் இரண்டையும் திட்டுகிற மூன்றாவது கட்சி. சின்னம் மட்டும் மாறும். எல்லா வேட்பாளரும் "உங்கள் வீட்டுப் பிள்ளை"தான்.

"ஏத்தா முத்தழகு, நம்ம வீட்டுல மொத்தம் எத்தனை பிள்ளைகதான்டி இருக்கு? தெரிஞ்சா அதுக்குத் தக்கன உலை வைப்பேன்ல" என்பாள் பக்கத்து வீட்டு சோணையம்மாள்.

"நான் தபால்காரி மாதிரி அத்தை. கவருக்குள்ள என்ன இருக்குன்னு கேக்கிறது எனக்கு வேலையில்ல" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள் முத்தழகு. அப்படித்தான் அவள் பல வருஷம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

இந்த நாடாளுமன்றத் தேர்தலில் அது மாறியது.

மெய்யநாதன் என்பவர் ஒரு வேட்பாளரின் பிரசாரப் பொறுப்பாளர். மத்தியான வெயிலில் வந்து, சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்துக் கொடுத்தார். முத்தழகு அதை ஒரு தரம் மனதுக்குள் படித்துப் பார்த்தாள். மறுபடியும் படித்தாள்.

"அண்ணே, இவுக போன தேர்தல்ல எதிர்க்கட்சியில இருந்தாகள்ல?"

"ஆமா."

"அதுக்கு முந்தின தடவை வேற ஒரு கட்சி."

"ஆமாத்தா. உனக்கு நல்ல ஞாபகம்."

"போன தடவை நீங்கதான எழுதிக் குடுத்தீக? இந்தக் கட்சியைக் கொள்ளைக் கூட்டம்னு. நான்தான அண்ணே அழுத்தி வாசிச்சேன். கொள்ளைங்கிறப்ப இன்னும் கொஞ்சம் அழுத்துன்னு ரெண்டு தடவை எடுக்கச் சொன்னீக."

"அது போன தடவை" என்றார் மெய்யநாதன், பழைய காலண்டரைக் கிழித்துப் போடுகிற மாதிரி. "இப்ப 'கொள்கைக் கூட்டம்'னு வாசி. ஒரு எழுத்துதான் வித்தியாசம்."

வாசித்தாள். அவர் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டு, காலையில் வண்டி கிளம்பிவிட வேண்டும் என்று சொல்லிப் போனார்.

முத்தழகு முட்டை அட்டைகளுக்கு நடுவில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். கொள்ளையையும் கொள்கையையும் ஒரே வாயால் சொன்னது என்னவோ தொண்டையில் முள்ளாகக் குத்தியது. அடுத்த கட்சிக்காரர்கள் வருவதற்குள் மைக்கைச் சரிபார்க்க வேண்டும். எப்போதும் "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்பாள். அன்றைக்கு வாயில் வேறு வந்தது.

"அன்பார்ந்த வாக்காளப் பெருமக்களே, தாய்மார்களே! உங்கள் பொன்னான வாக்குகளை யாருக்கும் கேட்டு நான் வரவில்லை. எனக்குச் சில ஆசைகள் இருக்கின்றன. அதைச் சொல்லிவிட்டுப் போகிறேன்."

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தாள். ஆனால் ஒன்றைச் சொன்னதும் அடுத்தது தானாக வந்தது. எழுதிக் கொடுத்த தாள் இல்லாமல் பேசுவது இத்தனை சுகமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. விளம்பரத் தமிழ் கொஞ்ச நேரத்தில் கழன்று விழுந்து, வீட்டுப் பேச்சே வந்துவிட்டது. பேசி முடித்தபோது ரவிக்கை நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டாள். அழிக்கலாம் என்று நினைத்தபோது வாசலில் அடுத்த கட்சிக்காரர்கள் வந்து நின்றார்கள். அவசரத்தில் "புதுசு" என்று பேர் போட்டுச் சேமித்துவிட்டு எழுந்தாள்.

மறுநாள் காலை மெய்யநாதனின் புது விளம்பரம் என்று நினைத்து மாயக்கண்ணன் பென்டிரைவில் ஏற்றியது அந்த "புதுசு"தான்.

அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. தலைக்கு மேலே ஸ்பீக்கர் அலறுவதால், வண்டியை எடுக்குமுன் இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொள்வான். ஆட்டோவின் மூன்று பக்கமும் வேட்பாளர் கைகூப்பிச் சிரிக்கிற பிளெக்ஸ். செக்காலை ரோட்டில் நிதானமாகப் போனான். மேலே முத்தழகு பேசிக்கொண்டிருந்தாள்.

"ஒரு கட்சியில நின்னு ஜெயிச்சுட்டு இன்னொரு கட்சிக்குத் தாவுறவுக, தாவுன அன்னைக்கே பதவியை வச்சுட்டுப் போகணும். எங்ககிட்டத் திரும்ப வந்து, இன்ன காரணத்துக்காகத் தாவுனேன்னு சொல்லி ஓட்டுக் கேக்கணும். எங்க வீட்டுல பொண்ணு எடுத்துட்டு அடுத்த தெருவுல இன்னொரு குடித்தனம் நடத்தினா நாங்க சும்மா இருப்பமா?"

பழக்கடைக்காரர் கையில் எடுத்த தராசை அப்படியே பிடித்துக்கொண்டு பார்த்தார். பிளெக்ஸில் சிரிக்கிற முகம், மேலே இந்தப் பேச்சு. ஒரு கணம் புரியவில்லை. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் வெளியே வந்துவிட்டார்கள்.

"கல்யாண வீட்டுல ஐநூறு ரூபாய் மொய் செஞ்சாக்கூட ஊருக்கே கேக்கிற மாதிரி மைக்குல வாசிக்கிறோம். கட்சிக்குக் கோடி கோடியாக் குடுக்கிறவுக பேரை மட்டும் ஏன் வாசிக்கக் கூடாது? வாசிக்க ஆள் இல்லைன்னா நான் வாரேன். சம்பளம் வேணாம், டீ போதும்.

"நூறு நாள் வேலைக்குப் போனா காலையில ஒரு போட்டோ, மத்தியானம் ஒரு போட்டோ எடுத்துத்தான் வருகை போடுறாக. பார்லிமென்டுக்குப் போறவுகளுக்கும் அதே மாதிரி எடுக்கணும். மம்பட்டி பிடிக்கத் தேவையில்ல, நாற்காலியில உட்கார்ந்திருந்தாப் போதும். கூச்சலுக்கு நடுவுல சட்டத்தை நிறைவேத்தக் கூடாது. என்ன சட்டம்னு எங்களுக்குப் புரியிற தமிழ்ல முன்கூட்டியே சொல்லணும்.

"கிரிமினல் கேஸ் இருக்கவுகளுக்குத் தனிக் கோர்ட்டு வச்சுத் தேர்தலுக்கு முன்னாடியே முடிக்கணும். குத்தமில்லைன்னா தலை நிமிந்து வரட்டும். மாவு மில்லுக்கு ஆள் எடுக்கக்கூட நாலு பேருகிட்ட விசாரிக்கிறோம்."

ஜனங்கள் கை காட்டினார்கள். கல்லூரிப் பெண்கள் செல்போனை உயர்த்திப் பிடித்துப் படம் எடுத்தார்கள். ஆட்டோ விளம்பரத்துக்கு இப்படி ஒரு வரவேற்பை மாயக்கண்ணன் தொழிலில் பார்த்ததே இல்லை. நம்ம ஆளு ஜெயிச்சுருவாரு போல என்று எண்ணி, அவனும் பதிலுக்குக் கை காட்டினான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எதிரே வேட்பாளரே திறந்த ஜீப்பில் வந்துகொண்டிருந்தார். மெய்யநாதன் ஜீப்பின் படியில் தொங்கிக்கொண்டிருந்தார். பேச்சு ஒரு சுற்று முடிந்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்திருந்தது. "தாவுன அன்னைக்கே பதவியை வச்சுட்டுப் போகணும்" என்று ஆட்டோ சொல்ல, கூட்டம் விசில் அடித்தது. விசில் தனக்குத்தான் என்று நினைத்து வேட்பாளர் குனிந்து கும்பிட்டார். விசில் இன்னும் கூடியது.

மெய்யநாதன் குதித்து ஓடிவந்தார். "நிப்பாட்டுடா! நிப்பாட்டு!" என்று ஆட்டோவின் பக்கத் தகரத்தில் அடித்தார். பஞ்சடைத்த மாயக்கண்ணன், அவர் உற்சாகத்தில் தாளம் போடுகிறார் என்று எண்ணி வேகத்தைக் கொஞ்சம் கூட்டினான். கடைசியில் வண்டியை நிறுத்தியது தேர்தல் பறக்கும் படைதான். அதிகாரி கிருத்திகா என்ற இளம்பெண். கூடவே ஒரு போலீஸ்காரர், ஒரு வீடியோக்காரர்.

"காதுல இருக்கிற பஞ்சை எடுங்க" என்று சைகை காட்டினாள். எடுத்தான். மனைவியின் குரலைக் கேட்டான். அவன் முகம் போன போக்கையும் வீடியோக்காரர் விடாமல் படம் பிடித்தார்.

"இது எங்க பிரசாரமே இல்ல மேடம்" என்றார் மெய்யநாதன்.

"உங்க வேட்பாளர் பேர்லதான சார் வண்டிக்கு அனுமதி வாங்கியிருக்கீங்க? அப்ப இந்தச் செலவு அவர் கணக்குலதான் ஏறும்."

"அவரையே திட்டுறதுக்கு அவர் கணக்கா?"

கிருத்திகா உதட்டைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். பேசியவரை உடனே வரச் சொல்லுங்கள் என்றாள்.

முத்தழகு போனில் விஷயத்தைக் கேட்டதும் கட்டியிருந்த சேலையோடு ஓடிவந்தாள். கூட்டம் விலகி வழி விட்டது. "இந்தக் குரலா இந்த அம்மா?" என்று யாரோ ஏமாற்றமாகச் சொன்னார்கள். அத்தனை கண்களையும் ஒருசேரப் பார்த்ததும் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தரையைப் பார்த்தாள். முட்டை அட்டைகளைப் பார்த்துப் பேசியே பழகியவள்.

"இது யார் சார்பா பேசினது?"

"யாரு சார்பாவும் இல்ல மேடம்."

"யாராவது ஒருத்தர் சார்பா இருக்கணுமே. கட்சியா, சுயேச்சையா, சங்கமா?"

"என் சார்பா" என்றாள் முத்தழகு. சொன்ன பிறகுதான், இதற்கு முன் அந்தச் சொல்லைத் தான் சொன்னதே இல்லை என்று அவளுக்கு உறைத்தது.

கிருத்திகா கையிலிருந்த தாளை மேலும் கீழும் பார்த்தாள். "அப்படி ஒரு கட்டம் இதுல இல்லையேம்மா."

தவறுதலாக நடந்ததென்று எழுதி வாங்கிக்கொண்டு, வண்டியின் அனுமதியை ரத்து செய்து அனுப்பினார்கள். கிளம்பும்போது கிருத்திகா மெல்லக் கேட்டாள்: "அந்தப் போட்டோ வருகை யோசனை உங்களோடதா?" முத்தழகு தலையாட்டினாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டு, சட்டென்று அதிகாரி முகத்தை மாட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினாள்.

வீட்டில் மாயக்கண்ணன் சட்டையைக்கூடக் கழற்றாமல் குதித்தான். வேலை போனதுகூட அவனுக்குப் பெரிதாக இல்லை. பேச்சின் கடைசிப் பகுதியைப் பஞ்சில்லாமல் கேட்டுவிட்டான்.

"தெருத்தெருவா ஸ்பீக்கர் கட்டிக் கத்துற பிரசாரத்தைச் சட்டம் போட்டு நிறுத்தணும்னு சொல்லியிருக்கியே புள்ள, நீ சோத்தைத்தான திங்கிற?"

"பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக, ஆஸ்பத்திரியில கிடக்கிறவுக எல்லாம் நம்மளை என்ன சாபம் விடுறாகளோங்க. நீங்களே பஞ்சை வச்சு அடைச்சுக்கிறீக. ஊருல இருக்கவுக எல்லாம் பஞ்சுக்கு எங்க போவாக?"

சட்டைப் பையிலிருந்த பஞ்சை எடுத்து மூலையில் எறிந்தான். ஆனாலும் சாப்பிடாமல் படுத்துக்கொண்டான்.

அதைவிடப் பெரிய சண்டை மறுநாள் காலையில் வந்தது. சோணையம்மாள் முந்தானையைச் செருகிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஏன்டி, ஓட்டுப் போடாதவுகளுக்கு ரேஷன் சீனியை நிறுத்தணும்னு சொன்னியாமே?"

சொல்லியிருந்தாள். பேச்சின் நடுவில் எங்கோ, பெரிய யோசனை இல்லாமல் வந்து விழுந்தது.

"எம்மவன் மருதுபாண்டி புனேவுல முறுக்குப் போடுறான். ஓட்டு இங்குட்டு, அவன் அங்குட்டு. ரயிலேறி வந்து, ஒரு விரல்ல மையை வச்சுக்கிட்டுத் திரும்பிப் போனா அந்த மாசச் சம்பளத்துல பாதி போயிரும். அவன் என்ன திமிருக்கா ஓட்டுப் போடாம இருக்கான்? இதுக்கு எஞ் சீனியை நிறுத்துவியா? உன் ஆசையில இடி விழ!"

முத்தழகுக்கு முகம் சிவந்துவிட்டது. மருதுபாண்டி அவள் கண்ணெதிரே வளர்ந்தவன். போன பொங்கலுக்குக்கூட அவன் கொண்டுவந்த முறுக்கை அவள் தின்றாள்.

"தப்புத்தான் அத்தை" என்றாள். "நான் யோசிக்கல. நீங்க சொல்லுங்க, எப்படிச் சொன்னாச் சரி?"

சோணையம்மாள் இதை எதிர்பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "அவன் இருக்கிற எடத்துலயே இந்த ஊரு ஓட்டைப் போட வழி செய்யணும். போனுல காசு அனுப்புறான், வாங்குறோம். ஓட்டு மட்டும் வராதா?"

அன்றைக்கே முத்தழகு பின்னறைக்குள் போய், பதிவிலிருந்து சீனியை வெட்டிவிட்டு முறுக்குக்காரர்களைச் சேர்த்தாள். செய்தி தெருவில் பரவியதும் ஆளாளுக்கு வர ஆரம்பித்தார்கள். பாங்கியிலிருந்து ஓய்வு பெற்ற மீனாட்சிசுந்தரம் குடையோடு வந்து நின்றபடியே வாதாடினார்.

"கட்சியே தப்பான சட்டம் கொண்டுவந்தா, எதிர்த்து ஓட்டுப் போடுறவனும் தாவுறவனும் ஒண்ணா? அவனுக்கும் பதவி போகணுமா?"

முத்தழகு யோசித்தாள். "கட்சியில இருந்துக்கிட்டே மனசாட்சிப்படி ஓட்டுப் போடலாம்னு வைப்போம் அண்ணே. தாவினாத்தான் பதவி போகணும்."

"அப்படிப் போடு" என்று குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்புறம் காப்பி குடிக்கும் வரை போகவே இல்லை. சொந்த ஊருக்கு ரயில் கூடுதலாக வேண்டும் என்று ஒருவர் கேட்டார். தன் மச்சானைக் கவர்னராக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டார். முதலாவதை முத்தழகு சேர்த்துக்கொண்டாள்.

இதற்குள் கல்லூரிப் பெண்கள் எடுத்த வீடியோ செல்போன் செல்போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது. மெய்யநாதனின் எதிரணி ஆட்கள் ஒரு காரில் வந்து இறங்கினார்கள். தாவுறவுக பகுதியை மட்டும் வெட்டிக் கொடுத்தால், தொகுதி முழுக்க ஓட விடுகிறோம் என்றார்கள்.

"முழுசாப் போட்டாத் தாரேன்" என்றாள் முத்தழகு. "முதல்ல ஒரு தடவை கேட்டுட்டுச் சொல்லுங்க."

கேட்டார்கள். தாவுவது வந்தபோது தொடையில் தட்டிச் சிரித்தார்கள். மொய் வாசிப்பது வந்தபோது சிரிப்பு பாதியானது. கிரிமினல் கேஸ் வந்தபோது அவர்களில் ஒருவர் எழுந்து வெளியே போய் போன் பேச ஆரம்பித்துவிட்டார். அடுத்த நாள் மூன்றாவது கட்சிக்காரர்கள் வந்தார்கள். அவர்களுக்கு மொய்ப் பகுதி மட்டும் போதுமாம், போட்டோ வருகை வேண்டாமாம். ஒவ்வொருவருக்கும் அடுத்தவனைக் குத்துகிற பகுதி மட்டும் பிடித்திருந்தது. யாருக்கும் கொடுக்கவில்லை.

வாக்குப்பதிவு நாளன்று மாயக்கண்ணனும் அவளும் ஒரே ஆட்டோவில் போய் ஓட்டுப் போட்டார்கள். யாருக்குப் போட்டாள் என்று அவன் எவ்வளவோ கேட்டுப் பார்த்தான். சொல்லவில்லை. "அன்னைக்கு செக்காலையில ஜனம் கை காட்டுச்சு பாரு, அது மாதிரி நான் ஓட்டுன காலத்துல கை காட்டுனதே இல்ல" என்று திரும்பி வரும்போது தானாகச் சொன்னான். அவன் கோபம் போனதற்கு அவளுக்குக் கிடைத்த அத்தாட்சி அவ்வளவுதான்.

தேர்தல் முடிந்து சில மாதம் கழித்து, ஜெயித்த எம்.பி. காரைக்குடியில் மண்டபம் பிடித்து மனு வாங்கினார். அவர் மெய்யநாதனின் ஆளும் இல்லை, காரில் வந்தவர்களின் ஆளும் இல்லை. முத்தழகு தன் ஆசைகளைத் தாளில் எழுதிக்கொண்டு, சோணையம்மாளோடு வரிசையில் நின்றாள்.

எம்.பி. வாசித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இதெல்லாம் என் ஒருத்தன் கையில இல்லம்மா. தெருவிளக்கு, சாக்கடை ஏதாவது இருந்தாச் சொல்லுங்க."

முத்தழகுக்குக் கூட்டத்தில் பேச்சு வராது. வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது. அப்புறம் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். கம்ப்யூட்டர், மைக், வேர்வை எல்லாம் நினைவுக்கு வந்ததும் மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அந்தப் பழகிய குரல் எழுந்தது.

"தெருவிளக்குக்கு நகராட்சிகிட்டக் கேட்டுக்கிறோம் ஐயா. சட்டம் போடுறதுக்கு உங்களைத்தான அனுப்பிச்சோம். எல்லாம் வேணாம், ஒண்ணே ஒண்ணைக் கேட்டுட்டு வாங்க."

"அட, அந்த ஆட்டோ அம்மா!" என்றார் எம்.பி. அவர் செல்போனுக்கும் அந்த வீடியோ வந்திருந்தது. "சரி, எந்த ஒண்ணு?"

முத்தழகு கண்ணைத் திறந்து சோணையம்மாளைப் பார்த்தாள். கட்சி மொய் வாசிப்பதுதான் தன் ஆசைகளிலேயே அவளுக்கு மிகவும் பிடித்தது; ஆனாலும், "வெளியூருல வேலை பார்க்கிறவுக, இருக்கிற எடத்துல இருந்தே ஓட்டுப் போடணும்" என்றாள்.

குளிர்காலக் கூட்டத்தொடரில் அவர் அதை எழுத்துப்பூர்வமாகக் கேட்கத்தான் செய்தார். பதிலின் நகல் முத்தழகு வீட்டுக்கும் வந்தது. அவள் அதைச் சோணையம்மாளுக்கு, விளம்பரக் குரலில் இல்லாமல், சாதாரணமாக வாசித்துக் காட்டினாள். இந்தப் பொருள் குறித்துச் சம்பந்தப்பட்டவர்களுடன் ஆலோசித்து உரிய நேரத்தில் முடிவெடுக்கப்படும் என்று இருந்தது.

"அப்படின்னா?"

"யோசிச்சுக்கிட்டு இருக்காகளாம் அத்தை."

"அவுகளாச்சும் யோசிக்கட்டும். நீ சீனி விஷயத்துல யோசிக்காமத்தான பேசின" என்றாள் சோணையம்மாள். தாளை வாங்கி, தலைகீழாக ஒரு தரம், நேராக ஒரு தரம் பார்த்தாள். "இதை ஒரு போட்டோ எடுத்து மருதுபாண்டிக்கு அனுப்பி விடு. அவன் பேச்சு டெல்லி வரைக்கும் போயிருக்குன்னு சொல்லு. அப்படியே, வரும்போது அந்த ஊரு வெங்காயம் ஒரு மூட்டை போட்டுக் கொண்டாரச் சொல்லு."